ஜெபமணி காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாள்

1

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. காற்றையும் சேர்த்தால் இருபத்திரண்டு என்று தொலைபேசி சொன்னது. கனடாவில் கடைச் சாமானுக்கு இருப்பதுபோலக் குளிருக்கும் இரண்டு விலை உண்டு. எழுதிப் போட்டிருப்பது ஒன்று, கடைசியில் நம் தலையில் விழுவது இன்னொன்று.

பத்து மணிக்கு மெலிசா என்ற பெண் வர வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டுக்கு உதவி ஆள் அனுப்பும் அரசு அலுவலகத்திலிருந்து வருகிறாள். வந்து பார்த்து, கேள்வி கேட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆள் தரலாம் என்று முடிவு செய்வாள். என் மனைவி ஜெபமணிக்கு இடது கையும் இடது காலும் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு எழுபத்தொன்று, எனக்கு எழுபத்தாறு. அவளைத் தூக்கி உட்கார வைப்பதும் குளிப்பாட்டுவதும் நான்தான். என் முதுகைப் பார்த்த டாக்டர் இனிமேல் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஜெபமணி ஐம்பத்தெட்டுக் கிலோ.

மகன் ஸ்டீபன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். அரசாங்க ஆள் வந்தால் அம்மா வீட்டில் இருக்கட்டும், வராவிட்டால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவோம். அங்கே பெயரும் கொடுத்து வைத்திருந்தான். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம். சுவரெல்லாம் காகிதப் பூ. பதினொரு கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பலூனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஸ்டீபன் லீவு போடுகிறேன் என்றான். வேண்டாம், நானே பேசிக்கொள்வேன் என்றேன். மூன்றாம் நிலை ஆங்கில வகுப்பில் தேறியவன் நான்.

2

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி முப்பது நாளில் ஆங்கிலம் என்று போர்டு மாட்டியவர்களைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன். அவர்கள் எவ்வளவோ தேவலை. அவர்கள் காசுக்காக ஏமாற்றினார்கள். இங்கே இலவசமாக ஏமாற்றுகிறார்கள்.

நூலகத்தின் கீழ்த்தளம், புதனும் வெள்ளியும், பத்து முதல் பன்னிரண்டு வரை. நாங்கள் பன்னிரண்டு பேர். ஆசிரியைக்கு வயது இருபத்தைந்து இருக்கும். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எதற்கெடுத்தாலும் பிரமாதம் என்பாள். கழிப்பறை எங்கே என்று சரியாகக் கேட்டாலும் பிரமாதம்.

இரண்டு மாதம் ஒரே பாடம்: உங்கள் அன்றாட வழக்கங்களைச் சொல்லுங்கள். நாம் வழக்கத்தை எப்படிச் சொல்வோம்? காலையில் ஐந்து மணிக்கு எந்திரிப்பேன், பல் விளக்குவேன், ஜெபம் பண்ணுவேன் என்போம். முதல் நாள் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். ஐ வில் வேக் அப் அட் ஃபைவ். நாளைக்கா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களின் தகுதியைக் கேளுங்கள். ஒருவர் பஞ்சாபில் ராணுவத்தில் இருந்தவர். அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே ஒரு வினைச்சொல்தான். இன்னொரு சீன அம்மாள் நான்கு மாதமாகத் தன் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.

தினமும் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் சொல்ல வேண்டுமாம். இன்று நடந்தாலும் நடக்காவிட்டாலும் எழுந்திருக்கிறேன், குடிக்கிறேன், போகிறேன். அவன், அவள் என்றால் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ஸ்'. அந்த ஸ்ஸைப் பிடித்துக் கட்டுவதற்கே பலருக்கு மூன்று வாரம் போனது.

பிறகு பலகையில் ஒரு ஏணி வரைந்தாள். 'ஆல்வேஸ்' நூறு, 'யூஷுவலி' எண்பது, 'ஆஃபன்' அறுபது, 'சம்டைம்ஸ்' நாற்பது, 'ரேர்லி' பத்து, 'நெவர்' பூஜ்ஜியம். நான் கை தூக்கினேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஆயிரத்து இருநூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்பது என் கையில் இருந்தது. முந்நூறு நாளில் இருநூற்றுத் தொண்ணூறு நாள் வந்தவன் ஆல்வேஸா, யூஷுவலியா என்று கேட்டேன். சும்மா தோராயமாகத்தான் என்றாள். தோராயமாக நடத்தியிருந்தால் அந்த மில்லை முதல் தீபாவளிக்கே மூடியிருப்பார்கள்.

பாடப் புத்தகத்தில் டேவிட் என்று ஒருவன். ஏழு மணிக்கு எழுந்திருக்கிறான், குளிக்கிறான், ரொட்டி தின்கிறான், வேலைக்குப் போகிறான், தொலைக்காட்சி பார்க்கிறான், பத்தரைக்குப் படுக்கிறான். பதினாறு பக்கத்தில் அவன் வீட்டுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. சாப்பிட்டியா என்று அவனை யாரும் கேட்கவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் அவன் எழுந்திருக்காமல் போனால் அதைக் கவனிக்க அந்தப் புத்தகத்தில் ஆள் கிடையாது. இவனைத்தான் எங்களுக்கு முன்மாதிரியாக வைத்திருந்தார்கள்.

ஸ் பாடத்துக்காக, குடும்பத்தில் ஒருவருடைய நாளைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டியிருந்தது. நான் ஜெபமணியைப் பற்றிப் பத்தொன்பது வாக்கியம் தயாரித்தேன். ஜெபமணி காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாள். காப்பி போடுகிறாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். பைபிள் வாசிக்கிறாள். மத்தியானம் சமைக்கிறாள். இப்படியே பத்தொன்பது. அது கை கால் விழுவதற்கு முந்தைய ஜெபமணி. அதனால் என்ன? என் பெண்டாட்டியை நான் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று பஞ்சாபிக்கும் சீனக்காரிக்கும் எதற்குச் சொல்ல வேண்டும்? வகுப்பு கைதட்டியது. ஆசிரியை என் தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். நெற்றியில் ஒட்டாததுதான் குறை.

3

மெலிசா வரும் அன்று நான்கு மணிக்கே எழுந்தேன். சக்கர வண்டி, கைப்பிடி நடைக்கட்டை, கட்டில் பக்கத்தில் இருக்கும் கழிப்பு நாற்காலி, ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிலவறைக்கு இறக்கினேன். மொத்தம் ஐந்து நடை. ஜெபமணிக்கு அரக்குக் கலர் சேலை கட்டிவிட்டேன். சேலை கட்ட எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள் அவள். கொசுவம் ஒரு விரல் கோணினாலும் திரும்ப அவிழ்க்கச் சொல்வாள். சோபாவில் உட்கார வைத்து, விழுந்த கையை முந்தானைக்குள் மறைத்து, மடியில் பைபிளை வைத்தேன். வாழைக்காய் பஜ்ஜி போட்டேன்.

மெலிசா சரியாகப் பத்துக்கு வந்தாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. பஜ்ஜி மூன்று தின்றாள். கணினியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். கர்த்தருடைய கிருபையால் சுகம் என்றேன். தட்டச்சு செய்தாள்.

பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி. சாதாரணமாக அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும், சொல்லுங்கள்.

இரண்டு மாதம் எனக்குத் தீட்டித் தந்த கேள்வி. பத்தொன்பது வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. ஷி வேக்ஸ் அப் அட் சிக்ஸ். ஷி மேக்ஸ் காஃபி. எல்லா ஸ்ஸும் அதனதன் இடத்தில் இருந்தன. எட்டாவது வாக்கியத்தில் மெலிசா ஜெபமணியைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டாள். ஜெபமணி என்னைவிட நல்ல ஆங்கிலத்தில், ஆமாம், இவர் சட்டையை இஸ்திரி போடுவதும் நான்தான் என்றாள். அது என் பத்தொன்பதில் இல்லை. அவளாகச் சேர்த்தது.

குளிக்க உதவி தேவைப்படுகிறதா என்று மெலிசா கேட்டாள். வெள்ளைக்காரிப் பெண், என் பேத்தியைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம், என் எதிரில் உட்கார்ந்து என் மனைவி குளிப்பதைப் பற்றிக் கேட்கிறாள். ரேர்லி என்றேன். பலகைக் கணக்கில் பத்து.

போகும்போது நீங்கள் இரண்டு பேரும் அற்புதமானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் ஜெபமணி சொன்னாள்:

"நல்லாத்தான் சொன்னிய. ஒரு இடத்துலகூடத் தடுமாறல. அந்த நாக்காலியச் சீக்கிரம் கொண்டாங்க, ஒரு மணி நேரமா அடக்கிட்டிருக்கேன்."

4

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

மில் கதவடைப்பு நடந்த வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். நான்கு மாதம் சம்பளம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் வீடு சந்திக்க வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபையார் வீடுகளுக்கு வருஷா வருஷம் வருவார். ஜெபமணி வீட்டைக் கழுவிவிட்டு, ஸ்டீபனுக்குச் சட்டை மாட்டி, பக்கத்து வீட்டு ராஜூ வீட்டம்மாளிடம் சர்க்கரை வாங்கி வந்து அவருக்குக் காப்பி கொடுத்தாள். எப்படி இருக்கிய என்று கேட்டார். கர்த்தர் கிருபையால் சுகம் என்றேன். சந்தோஷம் என்றார். சங்கீதம் ஒன்று வாசித்து ஜெபம் பண்ணினார். தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனவர், அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், வந்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் சர்ச்சில் மணி அடிக்கும் கோவில்பிள்ளை சைக்கிளில் அரை மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார். சோழபுரத்தில் யாரோ நேர்ந்துகொண்டதாம், யாருக்காவது கொடுக்கச் சொன்னார்களாம். அதுவும் பொய். நாங்கள் சொன்ன பொய்க்கு அவர்கள் ஒரு பொய் சொன்னார்கள், கணக்கு நேரானது.

சுகம் என்பது நம்மிடம் பதில் கிடையாது, வாசலைத் திறப்பது. உள்ளே வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது வந்தவர் பொறுப்பு. காப்பி வேண்டாம் என்றால் டம்ளரைக் கையில் திணிப்பவர்கள் நாம். இவர்கள் ஒரு தடவை வேண்டாம் என்றால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவார்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் ஸ்டீபனின் நண்பன் வீட்டில் அப்படித்தான் பசியோடு திரும்பினேன். ஒன்பது வருஷம் ஆகிறது. சொன்னதை அப்படியே நம்புகிற ஜனம். இதை நாகரிகம் என்கிறான் என் மகன். அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கச் சோம்பல் என்கிறேன் நான்.

5

ஒன்பதாம் நாள் ஸ்டீபனுக்குத் தகவல் வந்தது. உதவி தேவைப்படாத நிலை. பூஜ்ஜியம் மணி நேரம்.

சாயங்காலம் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான்.

"அப்பா, அம்மா செடிக்குத் தண்ணி ஊத்துறாங்கன்னு ரிப்போர்ட்ல இருக்கு. வெளிய மைனஸ் பதினாலு. எந்தச் செடிக்குப்பா?"

சமையலறை ஜன்னலில் ஒரு மணி பிளாண்ட் இருக்கிறது என்றேன்.

"அந்த ரிப்போர்ட்படி பார்த்தா இந்த வீட்ல எனக்குத்தான் ஹெல்ப் வேணும்" என்றான். பிறகு உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அது சத்தம் போடுவதைவிட மோசம். மேலே எழுதிப் போட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம், அதற்குள் இல்லத்தில் இடம் வந்துவிட்டால் அம்மாவை அனுப்பியே ஆக வேண்டும், மறுத்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம் என்றான். அவன் அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். கதவு திறந்திருந்தது. எதிர்ப் படிக்கட்டில் பேத்தி ரியா காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. ஆச்சிக்கு என்ன என்று கேட்டால் ஃபைன் என்பாள். பள்ளிக்கூடம், பரீட்சை, காய்ச்சல் எல்லாமே அவளுக்கு ஃபைன்தான். அவளிடம் யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜெபமணியின் தம்பி தங்கராஜ் கூப்பிட்டான். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அக்கா எப்படி இருக்கா என்றான். சுகம் என்றேன்.

"சுகம்னு நீங்க சொன்னா நான் நம்பணுமாக்கும். எம்புட்டு நாளாத் தூங்கல அத்தான்? குரலே செத்துக் கிடக்கு."

பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், ஜெராக்ஸ் மிஷின் சத்தத்துக்கு நடுவில், அவனுக்குக் கேட்டது. எதிரே உட்கார்ந்து மூன்று பஜ்ஜி தின்றவளுக்குக் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். தங்கராஜ் தன் அறிவைக் காட்டினான்.

"அந்த ஆபீசுல நம்மாளு ஒருத்தன்கூடவா இல்லாமப் போவான்? விசாரிங்க அத்தான். ஒரு ஆளைப் புடிச்சு உள்ள ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு."

இவன் வக்கீல்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தே உலகத்தைப் படித்து முடித்தவன். உதவி கேட்டால் இந்த நாடு நிரப்பச் சொல்லிப் பாரம் கொடுக்கிறது, நம் ஊர் சிபாரிசு கொடுக்கிறது. இரண்டாலும் என் முதுகுக்கு ஒரு கிலோ குறையவில்லை.

6

திரும்பப் பார்க்க ஆள் வரும் வரை காசு கொடுத்து ஆள் வைத்தோம். புஷ்பம் என்று பெயர், வவுனியாக்காரி. வாரம் மூன்று தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் நாள் நான் பழக்கத்தில் ஜெபமணியின் கக்கத்தில் கை கொடுக்கப் போனேன். ஐயா, நீங்கள் தள்ளி நில்லுங்கோ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டாள். நல்ல வேலைக்காரி, அதில் குற்றம் சொல்ல முடியாது. வாய் மட்டும் ஓயாது. அவளுடைய மூன்று பிள்ளைகளும் எந்தெந்தத் தெருவில் என்னென்ன விலைக்கு வீடு வாங்கினார்கள் என்று இரண்டு வாரத்தில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மீதி நான்கு நாளும், எல்லா இரவும், நான்தான் தூக்கினேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இறந்தகாலம் ஆரம்பிக்கப் போகிறோம், வாருங்கள் என்று ஆசிரியை செய்தி அனுப்பியிருந்தாள். அது இல்லாமலே எனக்கு நிறைய இருக்கிறது என்று பதில் போடவில்லை, போட்டிருக்கலாம்.

7

ஏப்ரல் கடைசியில் மெலிசா மறுபடி வந்தாள். ஸ்டீபன் லீவு போட்டிருந்தான். பஜ்ஜி கூடாது, சேலை கூடாது, எதையும் நிலவறைக்கு இறக்கக் கூடாது என்று அவன் உத்தரவு. கழிப்பு நாற்காலி கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜெபமணி நைட்டியில் இருந்தாள். பாஸ்டரானாலும் பால்காரரானாலும் அந்தக் கோலத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை. ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். ஸ்டீபன் அதை விட்டுவிட்டான்.

அதே கேள்வி. சாதாரணமாக அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்?

இந்தத் தடவை எதையும் எழுதித் தயாரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவளால் எழுந்திருக்க முடியாது. நான் தூக்குகிறேன். அவளால் தனியாகக் குளிக்க முடியாது. நான் குளிப்பாட்டுகிறேன். இரவில் மூன்று தடவை திருப்பிப் படுக்க வைக்கிறேன். சில நாள் துணி நனைந்துவிடும். நான் மாற்றுகிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மெலிசா தலையை ஆட்டித் தட்டினாள். ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதில் பாதி அவனுக்கே புதிது என்று நினைக்கிறேன். அவன் வேலைக்குப் போகிறான், வருகிறான், தூங்குகிறான்.

ஜெபமணியின் பக்கம் நான் திரும்பவே இல்லை. ஐம்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியவளைப் பற்றி, அவள் எதிரிலேயே, மாட்டுத் தரகர்போல ஒவ்வொரு குறையாகச் சொல்லி முடித்தேன்.

உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று மெலிசா என்னைக் கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்றேன்.

அப்போது ஜெபமணி பேசினாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் பாடம் நடத்துகிற மாதிரி, நிறுத்தி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். தினமும் காலையில் என்னைக் குளிப்பாட்டிக் கட்டிலில் சாய்த்துவிட்டு இவர் குளியலறைக்குப் போகிறார். கதவைச் சாத்திக்கொள்கிறார். குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்கிறார். பத்து நிமிடம் எழுந்திருப்பதில்லை. சத்தம் வெளியே கேட்காது என்று நினைக்கிறார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறார்.

மெலிசாவின் விரல்கள் நின்றுவிட்டன. ஸ்டீபன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"பத்து இல்ல" என்றேன் தமிழில். "ஆறு."

யாரும் அதை மெலிசாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. பத்து என்றே பதிவாகியிருக்கும்.

வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் கொடுத்தார்கள். ஸ்டீபன் இல்லத்துக்குத் தொலைபேசி செய்து பெயரை எடுக்கச் சொன்னான். எடுக்கச் சொன்னது என் காதில் விழும்படி கூடத்தில் நின்றே பேசினான்.

அன்று ராத்திரி ஜெபமணியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, வந்தவளிடம் அதையெல்லாம் எதற்குச் சொன்னாய் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என்னையப் பத்தி அம்புட்டையும் நீங்க சொல்லிட்டிய. ஒங்களப் பத்தி பொறவு யாரு சொல்லுவா?"

புஷ்பத்துக்குப் பத்து வாரம், முப்பது தடவை, தடவைக்கு நாற்பத்தெட்டு டாலர், ஆக ஆயிரத்து நானூற்று நாற்பது. முதல் தடவை போட்ட பஜ்ஜிக்கு வாழைக்காய், கடலை மாவு, எண்ணெய் பதினொரு டாலர் நாற்பது காசு. மொத்தம் ஆயிரத்து நானூற்று ஐம்பத்தோரு டாலர் நாற்பது காசு. டாலருக்கு அறுபத்தோரு ரூபாய்க் கணக்கில், எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து ரூபாய்.